தாய்வழி வந்தது

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நீ போனில் வாலுவைக் கேட்டபோதெல்லாம் தூங்குகிறாள் என்றேன். பொய். அவள் நம்மை விட்டுப் போய் இன்றோடு இருபது நாள் ஆகிறது. மூன்று மாதக் கர்ப்பிணியான உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எல்லாரும் தடுத்தார்கள். எனக்கும் வாய் வரவில்லை.

போன வருஷமே பள்ளிக்கூடப் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று திட்டினேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து பையை அவளையே தூக்கி வரவைத்தேன். கால் வலிக்குதும்மா என்றாள். ஒருநாள் அடித்தும்விட்டேன். அப்புறம் பாலும் முட்டையுமாகத் திணித்தேன். தின்றாள், பாவம். உடம்பில்தான் ஒட்டவில்லை.

கடைசியில்தான் டாக்டரம்மா விளக்கினார். சாப்பாடு சர்க்கரையாகி ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போகிறதாம். அங்கே முதலில் இரண்டாக உடையும்போது கிடைப்பது கொஞ்சம் சக்திதான். உடைந்த துண்டு, செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று இருக்கும் குட்டி அடுப்புக்குள் போய், நாம் இழுக்கும் மூச்சின் துணையோடு எரிந்தால்தான் மிச்சமெல்லாம் கிடைக்குமாம். வாலுவுக்கு அது சரியாக நடக்கவில்லை. துண்டெல்லாம் அமிலமாகி ரத்தத்தில் தேங்கிவிட்டது. ஒரு சாதாரணக் காய்ச்சலைக் கூட அவளால் தாங்க முடியவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை, உள்ளுக்குள்ளே பட்டினி கிடந்திருக்கிறாள்.

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வருமாம். என் ரத்தத்திலும் அந்தக் கோளாறு இருக்கிறது. எனக்கு அம்மா கொடுத்தது. உனக்கும் அதே அம்மாதான்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி வராதாம். என்னைப் போல ஒன்றும் தெரியாமலே வாழ்ந்துவிடுகிறவர்களும் உண்டு. உன் பிள்ளைக்கு எப்படியென்று இங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நாளைக்கே கொண்டுபோய் உன் டாக்டரிடம் காட்டு.

அம்மாவிடம் மட்டும் இதைப் பற்றிக் கேட்டுவிடாதே. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாருக்காவது இருந்ததா என்று அம்மா கேட்டபோது, உன் அத்தான் ஆமாம், எங்க சித்தப்பாவுக்கு இருந்துச்சு என்றுவிட்டார். அவருக்குச் சித்தப்பாவே கிடையாது. சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

என்னைத் தேற்ற வராதே, போனும் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். முதலில் டாக்டரைப் போய்ப் பார். நீ எந்த முடிவு எடுத்தாலும் உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன், யாரையும் சொல்லவும் விட மாட்டேன். பெற்றுக்கொண்டாயானால், அது நடக்க மாட்டேன் என்று உட்காரும்போது தூக்கிக்கொள்ளடி.

நீ நல்லா இருக்கணும்.

உன் அக்கா