ஃபைனலுக்கு நேர்ந்த மொட்டை

நெய்வேலி
8.6.2014

அன்பு மகன் நிலவனுக்கு அம்மா அமிர்தம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி எழில்மதியும் சுகம், நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, போட்டோவில் பார்த்துவிட்டேன், முகத்தில் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு வாயைப் பொளந்துகொண்டு நிற்கிறாய், ஐயனார் கோயில் குதிரைகூட அவ்வளவு பல்லைக் காட்டாது. போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்து எல்லாவற்றையும் விட்டுவிடுவேன், இந்தத் தடவை அப்படி விடக் கூடாது என்றுதான் அஞ்சாங்கிளாஸ் கையெழுத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

அப்பாவுக்கு மே முப்பத்தொண்ணோடு சுரங்கத்து வேலை முடிகிறது, செண்ட் ஆஃபுக்கு வாடா என்று சித்திரையிலேயே கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய், அன்னைக்கு ஃபைனல்மா, வர முடியாது என்றாய். அவ்வளவு முக்கியமாடா என்றதற்கு வருஷத்துக்கு ஒரு வாட்டிதாம்மா வரும் என்றாய். படிக்கப் போன பிள்ளை ஃபைனல் என்றால் நான் பரீட்சை என்று நினைக்காமல் பாயசம் என்றா நினைப்பேன்? நல்லா எழுதுடா கண்ணு என்றேன், சரிம்மா என்றாய். நீ சொன்னதில் பாக்கி எல்லாம் நிஜம், அந்த ஒரு சரிம்மாதான் பொய். அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

செண்ட் ஆஃப் அன்றைக்குக் காலையில் வில்லுடையான்பட்டு முருகனுக்கு உன் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தேன், ஃபைனலில் என் பிள்ளை ஜெயித்தால் அவங்க அப்பா மொட்டை போடுவார் என்று அவர் தலையை நானே நேர்ந்துவிட்டும் வந்தேன். சாயங்காலம் செண்ட் ஆஃபில் அவருக்குச் சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள், பக்கத்தில் உனக்கு என்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், அதில் கடைசியில் மாலைகளைத்தான் வைத்தோம். அப்பாவை மைக்கில் பேசச் சொன்னார்கள். முப்பத்தாறு வருஷம் மிஷின் சத்தத்தில் கத்தியே பழகின மனுஷன், மைக்கிலும் கத்தித்தான் பேசினார். எம் புள்ளை லண்டன்ல ஃபைனல் எழுதிகினு இருக்கான், நாந்தான் வர வேணாம்னு சொல்லிட்டேன், படிப்புதாங்க முக்கியம் என்றார். அவர் எப்போதடா வர வேண்டாம் என்றார்? உன்னை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று தன் தலையில் போட்டுக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள், பக்கத்து குவார்ட்டர்ஸ் தனகோட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நானும் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். வேனில் மேளத்தோடு வூட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், மாலையை வாங்கிக்கொள்ளப் பிள்ளை இல்லை, எழில்தான் வாங்கினாள்.

மறுநாள் அவள்தான் ஃபேஸ்புக்கில் உன் போட்டோவைக் காட்டினாள். இது என்னடி பரீட்சை, முகத்துக்கு மை பூசிக்கொண்டு எழுதுவாங்களா என்றேன். அம்மா, இது ரக்பி, கிளப்புங்களுக்கு நடக்கிற ஃபைனல் என்றாள். போடுடி, அப்பனைவிடப் பெரிய ஆட்டம் எது என்று பார்க்கிறேன் என்று கம்ப்யூட்டரில் போடச் சொல்லிப் பார்த்தேன். பண்ருட்டிப் பலாப்பிஞ்சு மாதிரி ஒரு பந்து, அதை ஒருத்தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு தோப்புக்காரன் துரத்துகிற மாதிரி ஓடுகிறான், நாலு பேர் அவன்மேல் விழுகிறார்கள். அப்புறம் தலையோடு தலை கோத்துக்கொண்டு சேற்றில் மாட்டின லாரியைத் தள்ளுகிற மாதிரித் தள்ளுகிறார்கள், லாரியைத்தான் காணோம். பந்தைக் கையால் போடுவதென்றால் முன்னால் போடக் கூடாதாம், பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்த்துத்தான் போட வேண்டுமாம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்தாயே, அதையாவது கவனித்தாயா? ஆட்டம் சமமாகி நம் சுரங்கம் போலவே கூடுதல் நேரம் ஓ.டி. பார்த்தார்கள், கடைசி நிமிஷத்தில் உன் பச்சைச் சட்டைக்காரன் பந்தோடு கோட்டுக்கு மேல் விழுந்து ஜெயித்துவிட்டான், நானும் என்னை மறந்து கை தட்டிவிட்டேன், தட்டின கையைப் பார்க்க எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. எழிலும் நானும் ஒரு வாரமாக வாயில் கொழுக்கட்டையோடு திரிகிறோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், வடக்குத்தில் நாம் கட்டுகிற வீட்டில் பூச்சு வேலை முடிந்துவிட்டது, ஒரு ரூமுக்கு நீ கேட்ட நீலமே அடிக்கச் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் தலையைத் தடவிக்கொண்டு, பையன் ரிசல்ட் வந்துச்சா, நான் மொட்டைக்கு ரெடி என்கிறார். நானோ ஃபைனலில் ஜெயிக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன், எந்த ஃபைனல் என்று சொல்லவில்லை, முருகனும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, கொடுத்துவிட்டான். அதனால் மொட்டை பாக்கி நிற்கிறது. ஆனால் அந்த மனுஷன் தலையில் கத்தி வைக்க விட மாட்டேன், அது உன் தலைதான், சீவிச் சீவி வைத்திருக்கிறாயே அதே தலை. லீவு கிடைத்ததும் வா.

குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, வெந்நீர் குடி, முகத்தில் அந்தச் சாயத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவு. நீ நூறு வயசு நல்லா இருக்கணும், அதில் எனக்குக் கோபமே கிடையாது. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே அப்பாவுக்கு போன் போடு, எனக்குப் போடாதே. ரிசல்ட்டை நீயே உன் வாயால் சொல். அவர் சரிப்பா என்றுதான் சொல்வார், அதைக் கேட்டுக்கொள்.

உன்னைப் பெற்றவள்,
ரா. அமிர்தம்