பத்தாவது பெயர்

புன்ட்ரா தீவு, 4 ஜூன் 1996

அன்புள்ள நெல்டா,

இங்கே மழை விடவில்லை. உன் அடுப்பாவது எரிகிறதா? கல்வி அலுவலகத்தில் நாற்காலி கிடைத்ததும் என்னை மறந்துவிட்டாய்.

வகுப்பில் உட்காரும் தலைக்கு இவ்வளவு என்றுதானே அரசாங்கம் பணம் தருகிறது? பத்துக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். யோலி மான்சில்லாவின் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் உன் ஊருக்கு வந்துவிட்டது. மீதி ஒன்பது பேர். உனக்கு மட்டும் சொல்கிறேன்: யோலிக்குத் தினமும் வருகை போடுகிறேன்.

உன் ஒட்டிலியா

அங்குத், 19 ஜூன்

ஒட்டி,

இதை ஏனடி எனக்கு எழுதினாய்? வருகைப் பதிவேடுகளைச் சரிபார்க்கத்தானே எனக்குச் சம்பளம்? கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். படித்ததை எங்கே போடுவது? அந்தப் பெயரை அடித்துவிடு.

நெல்டா

புன்ட்ரா, 2 ஆகஸ்ட்

பயந்தாங்கொள்ளி நெல்டா,

பயிற்சிக் கல்லூரியிலும் நீ இப்படித்தான். இன்று யோலியின் பெயரைக் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்!" என்றான் பொடியன் தாரியோ. முறைத்தேன். "நீங்கதான் தினமும் கூப்பிடறீங்க, யாராவது சொல்ல வேணாமா?" என்றான். சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

ஒட்டிலியா

அங்குத், 30 ஆகஸ்ட்

ஒட்டி,

யோலியைப் பார்த்தேன். ஜூனிலேயே இங்குள்ள பள்ளிக்குப் போயிருக்கிறாள். ஆனால் அரசாங்கப் பட்டியலில் அவள் இன்னும் உன்னிடம்தான் படிக்கிறாள். "காசு அந்தப் பள்ளிக்குப் போகுது. இவளுக்கு எனக்கு யாரு தருவா?" என்று தலைமையாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று முதல் அம்மாவோடு சிப்பி உரிக்கிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, விரலெல்லாம் வெட்டு.

"டீச்சர் என்னை மறந்துட்டாங்களா?" என்று கேட்டாள். நீ தினமும் அவள் பெயரைக் கூப்பிடுகிறாய் என்று நான் எப்படிச் சொல்வேன்?

நெல்டா

புன்ட்ரா, 9 செப்டம்பர்

நெல்டா,

யோலியின் பெயரை அடித்துவிட்டேன். போட்ட பொய்யையெல்லாம் மேலிடத்துக்கும் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளியைப் பூட்டுகிறார்கள். மூன்று பிள்ளைகள் அடுத்த தீவுக்குப் படகில் போவார்கள். மற்ற ஆறு பேர் இனிப் படிப்பார்களா என்று தெரியவில்லை. தாரியோ என்னோடு பேசுவதில்லை. எப்படியாவது யோலியைச் சேர்த்துவிடு. அது ஒன்றாவது மிஞ்சட்டும்.

ஒட்டிலியா

அங்குத், 24 செப்டம்பர்

ஒட்டி,

யோலிக்கு இங்குள்ள பள்ளியில் இடம் கிடைத்தது. நானே சிப்பி உரிக்கும் கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். "அன்னிக்கு வேணாம்னீங்க, இன்னிக்கு வான்றீங்க. இப்ப இவ கூலியும் சேர்ந்தாத்தாங்க வீட்டுல சாப்பாடு," என்றாள் அவள் அம்மா. யோலி கத்தியைக் கீழே வைக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம். ஆனால் ஜூனில் எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். பள்ளியைப் பூட்டிய பிறகு நீ தீவை விட்டு எங்கே போனாய் என்று படகுக்காரருக்கும் தெரியவில்லை. பள்ளி முகவரிக்கே அனுப்புகிறேன். அங்கே இதை வாங்க யாரும் இல்லை.

நெல்டா