மாதம் ஒரு கேப்டன்

பிப்ரவரி 2

கேப்டன் பட்டை எங்கள் அணி நெட்டைக்குப் போய்விட்டது.

காலைப் பயிற்சிக்குப் போனால், கோச் சார் ஏதோ மைதானத்தைப் பெருக்கச் சொல்வதுபோல, "இந்த மாசம் இவ கேப்டன்" என்று நெட்டையைக் காட்டினார். போன வாரம்தான் என்னிடம் 'அடுத்தது நீதான்' என்று சொன்ன மனுஷன்! அதென்ன 'இந்த மாசம்'? வாலிபால் அணிக்குக் கேப்டன் என்றால் வருஷத்துக்கு ஒருத்திதானே?

நெட்டையும் ராணுவ அகாடமிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நானும்தான். இங்கேதான் இடிக்கிறது.

பிப்ரவரி 5

அண்ணன் கைப்பேசிக் கடையை மூடிவிட்டு வந்து எல்லாவற்றையும் விசாரித்துச் சொன்னான். அகாடமியில் பரீட்சை மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்களாம். விளையாட்டுக்குத் தனி மதிப்பெண், தலைமைக்குத் தனி மதிப்பெண். அணியில் இருந்தால் கொஞ்சம், கேப்டனாக இருந்தால் கூடுதல்.

எனக்கு அந்த இடம் வேண்டும். ஏழாவது படிக்கும்போது அவர்கள் அணிவகுப்பைப் பார்த்த நாளிலிருந்து வேண்டும். என் கணக்கு மார்க்கை வைத்துக்கொண்டு வாசற்கதவைக்கூடத் தொட முடியாது. இருக்கிற ஒரே பிடி அந்தப் பட்டைதான். அது நெட்டை கையில்.

பிப்ரவரி 11

கோச் சார் இன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பல் பிடுங்கினாராம்.

நெட்டையின் அப்பா பல் டாக்டர்.

ஒரு பல்லுக்கு ஒரு பட்டையா?

அணியில் எல்லோரும் என்னைச் சி.ஐ.டி. என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். யாராவது ஒருத்தி கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா?

மார்ச் 1

பட்டை லெஃப்ட்டி கைக்கு மாறிவிட்டது. அவளும் விண்ணப்பித்தவள்.

இப்போதுதான் புரிந்தது. அகாடமிக்கு விண்ணப்பித்தவர்கள் அணியில் நாலு பேர். ஆளுக்கு ஒரு மாதம். நெட்டை, லெஃப்ட்டி, சுருட்டை, கடைசியில் நான். சாரிடம் நேராகவே கேட்டேன். நாலு பேருமே கேப்டனாக இருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாமே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றார்.

வீட்டில் சொன்னேன். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "இது கேப்டன் பதவியா, குழாயடி வரிசையா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முறை மே மாதம். போட்டிகளெல்லாம் ஏப்ரலோடு சரி. நான் யாருக்குக் கேப்டன், காக்காய்க்கா? முதலில் நெட்டை, கடைசியில் நான். எதற்கு? யார் போட்ட வரிசை இது?

மே 14

பட்டை கட்டிக்கொண்டு ஒரே ஒரு பயிற்சி ஆட்டம். தோற்றோம்.

நெட்டை எனக்குத் தூக்கிப் போட்ட பந்தெல்லாம் ஒரு முழம் தள்ளியே வந்தது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சி.ஐ.டி., பந்து தள்ளி வந்தா அது சதி இல்லடி. காத்து" என்றாள். எதிரணிகூடச் சிரித்தது.

காற்று அடித்தது உண்மைதான். ஆனால் அவ்வளவா?

ஜூன் 8

நாளை எனக்கு நேர்காணல். மற்ற மூவருக்கும் முடிந்துவிட்டது.

சாயங்காலம் நெட்டை வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை. "கேப்டன்னு பெருமையா ஆரம்பிக்காத. நடந்ததை நடந்தபடி சொல்லு." அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் சொல்கிறாள்? இவளுக்கு என்ன அக்கறை? நான் கேப்டன் என்று சொல்லாவிட்டால் மதிப்பெண் யாருக்குக் குறையும்? எனக்கு. யாருக்கு லாபம்? அப்படி வா வழிக்கு! என்னையா ஏமாற்றப் பார்க்கிறாள்?

முதல் வாக்கியமே 'நான் கேப்டன்' என்றுதான் சொல்லப் போகிறேன்.

ஜூன் 9

போச்சு. எல்லாம் போச்சு.

நீளமான மேசை. மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த அதிகாரி அம்மா பேனாவைக் கத்தி மாதிரிப் பிடித்திருந்தார். உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். நான் வாலிபால் அணியின் கேப்டன் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க பள்ளியிலேர்ந்து நீ மூணாவது கேப்டன்" என்றார் அந்த அம்மா.

அதோடு வாயை மூடியிருக்கலாம் இல்லையா? மூடவில்லை. மற்றவர்களுடையது எல்லாம் சும்மா, பட்டை கட்டிக்கொண்டதோடு சரி, நான்தான் நிஜமான கேப்டன் என்று அடுக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க பள்ளியிலேர்ந்தே இன்னொரு பொண்ணும் வந்தா. மாசத்துக்கு ஒருத்தியா கட்டிக்கிட்டோம், அதை நான் தலைமைன்னு சொல்ல மாட்டேன்னா."

நெட்டை.

இப்படி ஆகும் என்று யாரும் உனக்குச் சொல்லவில்லையா என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். பிறகு ஏன் கேட்கவில்லை? "நம்பல."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நான் நாற்காலியைச் சத்தத்தோடு இழுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 10

அம்மா காலையிலேயே எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 3

நெட்டைக்குக் கிடைத்துவிட்டது. அவள் ஒருத்திக்குத்தான். எனக்கு வயது வரம்பில் இன்னும் ஒரே ஒரு தடவை மிச்சம்.

ஜூலை 6

நெட்டை விடைபெற வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள். அம்மா அவளுடைய பெட்டிக்கு உறை தைத்துக் கொடுத்தாள்.

கிளம்பும்போது ஒன்று சொன்னாள். நேர்காணலில் அவளிடம், உங்கள் அணியில் யாரைக் காவலுக்கு நிறுத்துவாய் என்று கேட்டார்களாம். "உன்னைத்தான் சொன்னேன்."

என்னையா? ஏன்?

"நீ பெத்த தாயையே உள்ள விட மாட்டியேடி."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து தொலைத்தது. அந்தப் பல் பிடுங்கியது உங்கள் அப்பாவா என்று கேட்டேவிட்டேன். இல்லையாம். கோச் சாருக்கு அவள் அப்பாவைக் கண்டாலே பயமாம்.

அடுத்த ஆண்டு, ஜூன் 17

இரண்டாவது நேர்காணல். அதே மேசை, அதே அம்மா. கல்லூரி அணியில் ஆடுகிறேன் என்றேன். கேப்டனா என்றார். "இல்ல மேடம். பள்ளியில ஒரு மாசம் இருந்தேன். அதுவும் முறை வச்சு. அந்த ஒரு ஆட்டத்துலயும் தோத்தோம், என்னாலதான்."

அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா? தெரியவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 20

அகாடமியில் இன்று எனக்கு முதல் காவல். சாமான் கிடங்கு வாசல், உச்சி வெயில்.

நெட்டை வந்தாள். ஒரு வருஷம் மூத்தவள் என்பதால் இங்கே அவளை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். "நான்தாண்டி. இன்னிக்கு அடையாளச் சொல் மறந்துபோச்சு. கதவைத் திற" என்றாள். சொல் வேண்டும் மேடம் என்றேன். எத்தனை வருஷப் பழக்கம், என்னையே சந்தேகப்படுகிறாயா என்றாள். ஆமாம் மேடம் என்றேன். வெயில் கொளுத்துகிறதே என்றாள். அந்த மரத்தடியில் நிற்கலாம் மேடம் என்றேன்.

சுவர் மறைவிலிருந்து பயிற்சி அதிகாரி வெளியே வந்தார். சோதனையாம். காலையிலிருந்து நின்றவர்கள் எல்லோரும் அவளுக்குத் திறந்துவிட்டார்களாம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் நெட்டை மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு அலமாரியைத் திறந்து பாப்பாங்க. பூட்ஸோட அடியையும் துடைச்சு வை."

பூட்ஸின் அடியையா? அதை எந்த ஊரில் யார் பார்ப்பார்கள்?

துடைத்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.