தெற்குச் சுவரின் விரிசல்

பிப்ரவரி 9, 1987

நகரத்திலிருந்து கட்டடக் கலைஞர் திபோ வந்தார். எங்கள் நாட்டுச் சட்டப்படி மாதா கோயில் ஊராட்சியின் சொத்து, ஊராட்சிக்கு நான் மேயர். ஆக, அதன் விரிசலும் என் தலையில்.

சுவர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எழுநூறு வருடம் கூரையின் குறுக்கு உத்தரங்கள் இரண்டு பக்கச் சுவர்களையும் இழுத்துப் பிடித்திருந்தன. 1864-ல் இருந்த பங்குச் சாமியாருக்குப் பட்டணத்துப் பேராலயம் போல வளைந்த விதானம் வேண்டுமென்று ஆசை. உத்தரங்களை அறுத்துவிட்டு, சாந்து பூசிய போலி வளைவைத் தொங்கவிட்டார். நீல வண்ணம், தங்க நட்சத்திரங்கள். அதன் கீழ்தான் நாங்கள் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றோம். உத்தரங்களை அறுத்த அன்று முதல் கூரை சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறதாம். புண்ணியவான்!

தெற்குச் சுவர் விரிசலின் குறுக்கே திபோ ஒரு பிளாஸ்டர் பட்டையைப் பூசி, அதில் தேதியைக் கீறினார். "இது உடைஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம். உடனே போன் பண்ணுங்க மேயரம்மா. முட்டுக் கொடுக்க மரமெல்லாம் மார்ச் முடியிற வரைக்கும் பக்கத்து ஊர்லயே இருக்கும்."

மார்ச் 15

பட்டை முழுசாக இருக்கிறது. கோயிலில் மணியடிக்கும் என் தம்பி ஃபெர்னான் வாராவாரம் பார்த்துச் சொல்கிறான். அவன் மகள் அனியெஸுக்கு ஜூனில் அங்கேதான் கல்யாணம். மனைவி இறந்தபின் அவன் சிரித்துப் பேசுவது இப்போதுதான்.

ஏப்ரல் 12, குருத்து ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் போனபின் பட்டையைத் தொட்டேன். விரலில் ஈரம். மணிக்கயிற்றருகே நின்ற ஃபெர்னானைக் கூப்பிட்டேன்.

"நீயாடா பூசினே?"

"உடைஞ்சதுன்னா பூட்டிடுவியே அக்கா. எண்ணூறு வருஷம் நின்னது, எம்பொண்ணு கல்யாணம் வரைக்கும் நிக்காதா?"

மார்ச்சிலிருந்தே, உடைந்த ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூசி, திபோவின் கையெழுத்திலேயே பழைய தேதியைக் கீறியிருக்கிறான். படுபாவி.

ஏப்ரல் 13

திபோவுக்கு போன் செய்தேன். முட்டு மரங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டன, இனி அக்டோபரில்தான் என்றார். புனித வாரத்தில் கோயிலைப் பூட்டிய மேயர் நான்.

"ஒரு கீறலுக்குப் பயந்தவளெல்லாம் நமக்கு மேயராம்!" — மதுக்கடையில் இதுதான் பேச்சு. தம்பி செய்ததை அவர்களிடம் சொல்லவா? வாய் வரவில்லை.

அவனும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்: "உனக்கொரு பொண்ணு இருந்தா தெரியும்."

எனக்கு இல்லைன்னு அவனுக்குத் தெரியாதா? வேற என்னதான் பண்ணட்டும் நான்?

ஜூன் 20

ஊராட்சி மன்றத்தில், மேயர் என்ற முறையில், அனியெஸுக்குச் சட்டப்படி கல்யாணம் செய்துவைத்தேன். பூசை பக்கத்து ஊரில். ஃபெர்னான் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 6

மழை விடவில்லை. கோயில் சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறேன் — சாவியால் சுவரைப் பிடித்து நிறுத்த முடியுமா?

செப்டம்பர் 10

காலையில், ஊர் ரொட்டி வாங்கப் போகும் நேரத்தில், தெற்குச் சுவர் விழுந்தது. வளைவும் கூரையும் வடக்குச் சுவரும் கூடவே. உள்ளே யாருமில்லை. பீடத்தின் பின்னாலிருக்கும் அரைவட்டச் சுவர் மட்டும் மிச்சம். இருப்பதிலேயே பழையது அதுதான். திபோ வந்து கற்குவியலைச் சுற்றிப் பார்த்தார். "மார்ச்சிலேயே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றார் என்னிடம்.

சாயங்காலம் ஃபெர்னான் வந்தான். ஏப்ரலுக்குப் பிறகு என் வீட்டுப் படி ஏறியது இன்றுதான். உட்காரவில்லை. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, நான் பூசாம இருந்திருந்தா நின்னிருக்குமா?"

"இல்லடா," என்றேன். "எப்படியும் விழுந்திருக்கும்."