தோட்டா போடுவதற்கு முன்

இன்று காலை துப்பாக்கியைத் துடைக்க எடுத்தேன். எண்ணெய் வாசனை வீடு முழுக்கப் பரவியது. தறியில் உட்கார்ந்திருந்த என் மனைவி கையை நிறுத்திவிட்டு, "இந்த வாசனைக்கு உங்க தோஸ்து வந்து உக்காந்த மாதிரி இருக்குது" என்றாள். அதற்கு மேல் துடைக்கக் கை ஓடவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடிப் பதினோரு மாதமாகிறது.

நான் சின்ன காஞ்சிபுரத்து நெசவு வீட்டுப் பிள்ளை. நீ ஏனாத்தூர்ப் பக்கம், பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த வீட்டுப் பிள்ளை. பட்டாளத்தில்தான் நமக்குள் பழக்கம். ஊர் திரும்பி இருவரும் வங்கிக் காவலுக்குச் சேர்ந்தோம். இருவரிடமும் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி. காட்டுப்பன்றி கடலைக்கொல்லையைக் கிளறிப் போட்டால், வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு நம்மைத்தான் கூப்பிடுவார்கள். என் குறி தப்பாது என்று எனக்குப் பெயர். உனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். ஒவ்வொரு வரப்பிலும் நின்று, குழலை மடக்கி, தோட்டாவை வெளியே எடுத்த பிறகுதான் தாண்டுவாய்.

"நீ தாண்டறதுக்குள்ள பன்னி மெட்ராசுக்கே போயிடும்பா" என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

"போவட்டும். பன்னி நாளைக்கும் வரும்" என்பாய்.

அந்த விடியற்காலையைப் பற்றி நீ என்னிடம் ஒரு தரம்கூட மறுபடி பேசியதில்லை. நான் பேசுகிறேன். கடலைக்கொல்லையை ஒட்டிக் கரும்பு. மறுகோடியிலிருந்து தகரம் தட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். "உள்ள யாருமில்ல, எல்லார்க்கும் சொல்லியாச்சு" என்று கொல்லைக்காரர் சொல்லியிருந்தார். நான் வரப்பு மூலையில் நின்றேன், நீ எனக்கு இடப்பக்கம் இருபதடி தள்ளி. கரும்பு அசைந்தது. இடுக்கில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. துப்பாக்கி தோளுக்குப் போய்விட்டது. விரல் விசையில் இருந்தது.

"இறக்கு."

நீ கத்தவில்லை. பட்டாளத்தில் சுடுகளத்தில் சொல்வதுபோலச் சொன்னாய். என் மூளை கேட்பதற்கு முன் கை கேட்டது. குழல் தரையைப் பார்த்தது. கரும்பை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். தலையில் மாட்டுக்குக் கரும்புச் சோகைக்கட்டு, உடம்பில் கறுப்புச் சேலை.

"பன்னி வந்துச்சா அண்ணா?" என்று சிரித்தபடி கேட்டாள்.

"இல்லமா. நீ அந்தாண்ட போய் நில்லு" என்றாய். அவள் போனதும் என் துப்பாக்கியை வாங்கி, இரண்டு தோட்டாவையும் எடுத்து உன் பையில் போட்டுக்கொண்டாய்.  வீடு திரும்பி வண்டியை விட்டு இறங்கும்போது, "நீ பாத்தது பன்னியா, கரும்பு ஆடுனதா?" என்றாய்.

"யார்கிட்டயும் சொல்லிடாதபா" என்று கையைப் பிடித்தேன்.

"நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியவன் நீ."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் டீக்கடையில் என் குறி தப்பாததைப் புகழ்ந்தபோதெல்லாம் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். நீ கிளாசையே பார்த்துக்கொண்டிருப்பாய். எட்டு வருடம் அப்படியே போனது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, சொல்லிவிட்டாயா என்று கேட்டுவிடுவாயோ எனப் பயந்தேன். நீ என் பேரனைப் பற்றி விசாரித்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கொல்லைக்காரர் கூப்பிட்டார். போனேன். வனத்துறை ஆளும் வந்திருந்தார். கடலை பிடுங்க வந்தவர்கள் ஓரமாக நின்றார்கள். அவர்களில் அவளும் இருந்தாள். அவளைப் பார்த்ததும் இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. "தோட்டா போடறதுக்கு முன்ன ஒன்னு சொல்லணும்" என்றேன். கரும்பு, கறுப்புச் சேலை, விசையில் இருந்த விரல், நீ சொன்ன ஒரே சொல், எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றவர்கள் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? நேரமாவுது" என்றார் கொல்லைக்காரர்.

அவள் முன்னால் வந்தாள். "அது நானா?"

"ஆமாம்மா."

 திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் கரும்புப் பக்கம் கை நீட்டினாள். "இன்னிக்கி உள்ள யார் இருக்காங்க?"

"யாருமில்ல, எல்லார்க்கும் சொல்லியாச்சு" என்றார் கொல்லைக்காரர்.

"அன்னிக்கும் இதத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்கு யாரும் வந்து சொல்லல. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. எல்லாரையும் வெளிய நிக்க வெச்சி எண்ணுங்க."

கூப்பிட்டாள், அவளே. கரும்பைப் பார்த்து நின்று, ஊரில் தெரு வாரியாக, வீட்டு வாரியாகப் பெயர்களைச் சொல்லிக் குரல் கொடுத்தாள். நாங்கள் காத்திருந்தோம். கரும்புக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் சோகைக்கட்டோடு வந்தார்கள். எண்ணியதில் ஒரு ஆள் குறைய, அவர்களில் ஒருத்தி உள்ளே போய், காது கேட்காத ஒரு கிழவரை அவருடைய இரண்டு ஆடுகளோடு கூட்டி வந்தாள். மூன்று பேர். கொல்லைக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அன்று பன்றி சிக்கவில்லை. தோட்டாவைக் குழலில் போடவே இல்லை. நான் திரும்பும்போது அவள் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

வருகிற ஞாயிறு திருமுக்கூடல் பக்கம் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே என்னை முன்பின் பார்த்தவர் யாருமில்லை. நல்ல குறிக்காரன் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார்களாம். வரப்போரம் அவர்களை நிற்க வைத்து, நான் ஒருத்தியைச் சுட இருந்தவன் என்பதை முதலில் சொல்வேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் வந்துவிடுவேன். இருக்கச் சொன்னால், பெயர் பெயராகக் கூப்பிட்டு, கடைசி ஆள் வெளியே வரும்வரை காத்திருப்பேன்.