கூண்டு வண்டி விற்பனைக்கு இல்லை

தென்காசி
ஆடி 5

அன்பு மகன் முத்துச்செல்வத்துக்கு அப்பா எழுதுவது. திருமலைக் குமரன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், ஜபல்பூரில் நீயும் நிர்மலாதேவியும் பேத்தியும் அப்படியே இருக்கத் தினமும் கும்பிடுகிறோம். குற்றாலத்தில் சீசன் அமர்க்களம், ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ ஆர்டர் போட ஆரம்பித்துவிடுவாய், பட்டாளத்துப் புத்தி. அதனால் முழுவதும் படி.

உள்ளேயே படுக்கையும் ஃபிரிட்ஜும் வைத்த நம் கூண்டு வண்டியை விலை பேசச் சுரண்டை மகாதேவனை ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாகச் சொன்னாய். நீ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம், உன்னிடமும் வரலாம் என்று போன தை மாதம் ஆசைப்பட்டு வாங்கினேன். ஆனால் தூக்கத்தில் மூச்சு அடைக்கிறது என்று டாக்டர் கொடுத்த மெஷின் இல்லாமல் மூன்று வருஷமாக நான் படுக்கக் கூடாது. கூரையில் சோலார் இருந்தாலும் வண்டிக்குள் இருந்தது ஒரே பேட்டரி, வாசலிலேயே வைத்துச் சோதித்ததில் விடிவதற்குள் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு ஷெட்டில் ஏறிய வண்டிதான், அம்மா கைவைக்கும் வரை இறங்கவில்லை.

ஆமாம், அம்மாதான். நான் போலீஸ் டியூட்டியில் திரிந்த முப்பது வருஷமும் எலுமிச்சைத் தோட்டத்து மோட்டாருக்கு ஃபியூஸ் போட்டவள் அவள் அல்லவா. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மெஷின் எத்தனை வாட், எத்தனை மணி நேரம், ஃபிரிட்ஜ் எவ்வளவு, சாரலில் இரண்டு நாள் வெயிலே அடிக்காவிட்டால் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, இன்னும் இரண்டு பேட்டரி வேண்டும் என்றாள். வீட்டு இன்வெர்ட்டரின் பழைய பேட்டரி சும்மாதானே கிடக்கிறது, அதையும் சேர்த்துக் கட்டு என்று நான் பெரிய மனுஷனாக யோசனை சொன்னேன். "அது வேற சாதி, இது லித்தியம். ரெண்டையும் கோத்தா ரெண்டும் கெட்டுரும்" என்று ஒரே போடாகப் போட்டாள். புதிதாக இரண்டு லித்தியம் வாங்கி, வண்டியில் இருந்ததோடு மூன்றையும் தனித்தனியே முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஒரே நீளத்துக்கு வயர் வெட்டி அவளே இணைத்தாள். சோலார் கடை முகம்மது ரபீக் வந்து ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, "ஆச்சி, பேசாம நீங்க நம்ம கடைக்கு வந்துருங்க" என்றார். எனக்கு ஏற்பட்ட பெருமையை எப்படிச் சொல்ல.

இதற்கு நடுவில் நான் ஒரு கூத்துப் பண்ணினேன், நீ சிரிப்பாய். ரபீக் போனபிறகு, புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி என்று ஒரு நட்டைக் கழற்றி, பேட்டரி முனையில் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே வயரை மாட்டி முடுக்கிவிட்டேன். சாயங்காலம் எல்லாவற்றையும் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்த அம்மா கையை வெடுக்கென்று எடுத்தாள், அந்த ஒரு வயர் மட்டும் சுடுகிறது. திறந்தால் உள்ளே என் பக்தி! "சாமி கும்பிடுத எடம் வேற, கரண்டு போற எடம் வேற. போலீஸ்காரருக்கு இதுகூடவா தெரியாது?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெட்டி மூடிக்கு மேலே புதுப் பொட்டு வைத்தாள். ரபீக்கையும் திரும்ப வரவழைத்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு பண்பொழி மலையடிவாரத்தில் இரண்டு நாள் தங்கினோம். வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சாரல்தான். மெஷின் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை, மூன்றாம் நாள் காலையிலும் பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம். ஆனால் நான் எழுதவந்தது அது இல்லை. அன்று எட்டு மணிக்கு நான் விழித்தபோது அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் கரண்டு போகும்போதெல்லாம் என் மெஷின் ஓடுகிறதா என்று மூன்று வருஷமாக எழுந்து பார்ப்பவள். வியாதி எனக்கு, தூக்கம் போனது அவளுக்கு. அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கண் கலங்கிவிட்டதடா.

ஆகையால் மகாதேவனுக்கு நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. ஆவணியில் மெதுவாகப் புறப்பட்டு உன்னிடம் வருகிறோம். மழைக் காற்றில் பேத்திக்குக் காதை மூடி வை, நிர்மலா நேரத்துக்குச் சாப்பிடட்டும். மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் உன் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் கேட்டு வை. கரண்டு வேண்டாம், இடம் மட்டும் போதும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
சொரிமுத்து