பல்லில் பூசிய மருந்தை நான் உப்புப் போட்டுத் தேய்த்தது குறித்து

அனுப்புநர்:
ஆ. எஸ்தர்,
மீன் வியாபாரம்,
பட்டினப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
பள்ளிப் பல் பாதுகாப்பு முகாம் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: பிள்ளைகளின் பல்லில் பூசும் ஃப்ளோரைடு மருந்து நல்லதா, கெட்டதா என்று தமிழில் எழுதித் தரக் கோருதல் தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

1. என் மகள் ஜெனிதா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன ஜூலையில் அவள் பள்ளிக்குத் தங்கள் முகாம் வந்தது. அதற்கு முன்பு ஒரு படிவம் கொடுத்தனுப்பினார்கள். முழுக்க ஆங்கிலம். ஊசி கிடையாது என்று மட்டும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அது என் தப்புதான், மறுக்கவில்லை.

2. அன்று சாயங்காலம் பல்லெல்லாம் மஞ்சளாக, பிசுபிசுவென்று வந்து நின்றாள். பல் கெடாமல் இருக்க ஃப்ளோரைடு என்ற மருந்து பூசினார்களாம். காலை வரை பல் விளக்கக் கூடாதாம். ஐயா, நான் பதினாறு வருடமாக மீன் விற்கிறேன். மீன் கெடாமல் இருக்க மருந்து போடுகிறவர்களின் கூடையை நாங்கள் தொடமாட்டோம். மருந்து போட்ட மீனில் ஈ உட்காராது; ஈ உட்காராத மீனை வாங்கமாட்டோம். முந்தின வாரம்தான் மந்தைவெளியில் நான் வாடிக்கையாக மீன் கொடுக்கும் வீட்டம்மா, ஃப்ளோரைடு விஷம் என்று வந்த வாட்ஸ்அப்பைக் காட்டியிருந்தார்.

3. மீனுக்குப் போடும் கல் உப்பை எடுத்து அந்த மஞ்சள் போகும்வரை தேய்த்தேன். ஈறில் ரத்தம் வந்தது. "யம்மா, எரியுது, வுடும்மா" என்று கத்தினாள். நான் விடவில்லை.

4. இப்போது கடைவாயில் இரண்டு பல் சொத்தை. ஒன்றைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கிய டாக்டர் கீர்த்தி, அது துளியூண்டுதான் பூசுவார்கள், ஒன்றும் செய்யாது, தேய்த்து எடுத்ததுதான் தப்பு என்கிறார். அப்படியானால் அதே ஃப்ளோரைடு இருக்கும் பேஸ்ட் டியூபில் விழுங்கக் கூடாது என்று ஏன் போட்டிருக்கிறது? கேட்டேன். அளவுதான் விஷயம் என்றார். எவ்வளவு அளவு என்று கேட்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள். சொத்தை நான் தேய்த்ததால் வந்ததா, முன்பே இருந்ததா, அதுவும் தெரியவில்லை. அதே வகுப்பு ரூஹிக்கும் பூசினார்கள். அவள் அம்மா ரூபீனா அதைத் தொடவே இல்லை. அந்தப் பிள்ளை நன்றாக முறுக்குக் கடிக்கிறது. மீனென்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து நல்லதா, கெட்டதா என்று சொல்லிவிடுவேன். இதில் எதைத் தூக்கிப் பார்ப்பது?

5. வரும் வெள்ளிக்கிழமை மறுபடி முகாம். மறுபடி அதே ஆங்கிலப் படிவம். ஆகவே, அந்த மருந்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு பூசுவீர்கள், பூசிய பிறகு நாங்கள் என்ன செய்யக் கூடாது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, கீழே தங்கள் கையெழுத்தோடு தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்த பிறகு என் கையெழுத்தைப் போடுகிறேன்.

6. இன்னொன்று. நான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தாலே ஜெனிதா வாயை இறுக்க மூடிக்கொள்கிறாள். டாக்டருக்குத் திறக்கிறாள், எனக்குத் திறப்பதில்லை. அந்தத் தாளை நான் அவளுக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

இடம்: பட்டினப்பாக்கம்
நாள்: 06.01.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆ. எஸ்தர்
(ஜெனிதாவின் அம்மா)

இணைப்பு: கையெழுத்திடாத படிவம் ஒன்று.